காற்று படாத கை

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். மாவுக்கட்டு அக்கா எங்கே என்று கேட்டால் வாசலில் வண்டிகளுக்குக் காவல் இருப்பவர்கூடச் சட்டென்று கை காட்டிவிடுவார். தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, நீலக் கதவு. கதவுக்கு வெளியே நின்றாலே அவருடைய சிரிப்பு கேட்கும்.

என் கணுக்கால் முறிந்தபோது கட்டுப் போட்டவரும் அவர்தான், பிரித்தவரும் அவர்தான். பிரிக்கிற அன்று ரம்பச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். "சார், உங்க காலைத்தான் திருப்பிக் கொடுக்கப்போறேன். கிட்னியை எடுக்கப்போறதில்ல. கண்ணைத் திறங்க," என்றார். அன்று தொடங்கிய பழக்கம் இது. இந்தக் கதையில் பெரும்பகுதி அக்கா வாயால் கேட்டது. மிச்சம் அவர் கணவர் சொன்னது. இருவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னொரு காலும் இருக்கிறது, அதுவும் என்றைக்காவது முறியலாம்.

அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஆள் குட்டைதான். ஆனால் அந்த முன்னங்கைகளைப் பார்த்தால் யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள். மாவு தோய்ந்த துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, உடைந்த கையையோ காலையோ சுற்றி, உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்கி, பல வருஷமாக அதே வேலை. மாவு இறுகும்போது சூடாகும். "ஐயோ, சுடுதே" என்று பதறுகிறவர்களிடம், "இறுகுதுன்னு அர்த்தம். கல்யாணம் மாதிரிதான். கொஞ்ச நேரத்துல ஆறிடும்," என்பார்.

கட்டுப் போடுவதைவிடப் பிரிப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. அதற்கென்று ஒரு சின்ன மின்ரம்பம் உண்டு. அது சுற்றாது, இடவலமாக அதிரும். கெட்டியான மாவை அறுக்கும், நெகிழ்ந்து கொடுக்கிற தோலை ஒன்றும் செய்யாது. முதலில் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். பிறகு இரண்டு பக்கமும் கோடு போட்டு அறுத்து, இடுக்கியால் விரித்து, உள்ளே இருக்கும் பஞ்சைக் கத்தரிப்பார். பல வாரம் வெளிச்சம் பார்க்காத கை வெளியே வரும். மெலிந்து, வெளிறி, தோல் பொருக்குப் பொருக்காய் உரிந்து. கூடவே ஒரு நாற்றமும் வரும். நோயாளி கூனிக் குறுகிப்போவார்.

"எதுக்கு வெட்கப்படுறீங்க? பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தா மல்லிகைப் பூ வாசனையா வரும்? காத்து படட்டும். காத்து பட்டா கிருமியெல்லாம் செத்துடும்." யாரையும் இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல அது. யாரும் மறுத்துப் பேசியதும் இல்லை.

அவர் கணவர் சோப்புக்காரர். கடைத்தெருவில் சோப்பு, ஷாம்பு, சென்ட், குளியலறைச் சாமான்கள் இவை மட்டுமே விற்கும் பெரிய கடை ஒன்றில் விற்பனையாளர். "எங்க வீட்டுக்காரர் வர்றவங்களுக்கு சோப்பும் போடுவார், சோப்பும் விப்பார்," என்றுதான் அக்கா அவரை அறிமுகப்படுத்துவார். ஒல்லியான, நறுவிசான மனிதர். காலையும் மாலையும் குளியல், கைக்குட்டையில் இரண்டு சொட்டு சென்ட். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் வியர்த்திருந்தால் எழுந்து நின்றுகொண்டே வருவார்.

ஒருநாள் கடையில் குளியலறைத் தரையில் விரிக்கும் வழுக்காத மிதியடி ஒன்றை ஒரு தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இதுல ஓடினாக்கூட வழுக்காது, பாருங்க," என்று ஓடியே காட்டினார். மிதியடி வழுக்கவில்லை. அது முடிந்த இடத்தில் யாரோ சிந்தியிருந்த ஷாம்பு வழுக்கியது. இடது மணிக்கட்டு முறிந்தது.

கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டு நீலக் கதவுக்கு அனுப்பினார். அக்கா பதறித்தான் போனார். ஆனால் பதற்றத்தை வெளியில் காட்டினால் மனிதர் மயங்கிவிடுவார் என்று தெரியும்.

"மிதியடி வித்துச்சா?" என்று கேட்டார்.

"ரெண்டு வித்துச்சு," என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் சோப்புக்காரர் அடிக்கடி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார். கட்டின் விளிம்பருகே முகத்தைக் கொண்டுபோவார், விலக்குவார், மறுபடி கொண்டுபோவார். கடையில் இடது கையைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்துக்கொண்டே பேசினார். வீட்டில் தூங்கும்போது கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். ஒருநாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து, கடையிலேயே விலை கூடின சென்ட்டைக் கட்டுக்குள் நன்றாகப் பீய்ச்சிவிட்டார். வியர்வையும் சென்ட்டும் ஊறின பஞ்சும் சேர்ந்து கிளம்பிய வாசனைக்கு எந்த மொழியிலும் பெயர் இருக்காது. அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார்.

"என்னங்க, உள்ள ஏதாவது செத்துக் கிடக்கா?"

"என் மானம்தான்," என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிப் பொண்ணு வந்து சேர்ந்தாள். அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கிருமி ஆய்வுக்கூடம். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். எப்போதும் பேருந்தைத் தவறவிட்டவள் போன்ற நடை. வெள்ளைக் கோட்டுப் பையில் எந்நேரமும் பிஸ்கட். தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் கிடைக்கும்போதும் கிடைக்காதபோதும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. மாவுக்கட்டுக்குள் இருந்து வெளிவரும் தோலைக் காற்று நன்றாகப் படுவதற்கு முன் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். டாக்டர் சம்மதித்து அனுப்பியிருந்தார்.

"அக்கா, கட்டைத் திறந்ததும் நீங்க துடைச்சிடக் கூடாது. நான் எடுத்த பிறகுதான் தொடணும்," என்றாள், வந்த முதல் நாளே.

"இது யார் ரூம்?"

"உங்க ரூம்தான், அக்கா."

"அப்ப பிஸ்கட்டை வெளியில வச்சுட்டு வா. அப்புறம் பேசலாம்."

பேசினார்கள். இரண்டு நாளில் சிநேகமாகிவிட்டார்கள். பிஸ்கட்டும் உள்ளே வந்துவிட்டது.

சோப்புக்காரரின் கட்டைப் பிரிக்கிற நாள் வந்தது. வீட்டிலிருந்தே துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அக்கா அறுத்தார், விரித்தார், பஞ்சைக் கத்தரித்தார். சோப்புக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆராய்ச்சிப் பொண்ணு குனிந்து மூச்சை இழுத்தாள்.

"அருமை!" என்றாள்.

அவர் மெதுவாகத் திரும்பினார். பல வாரமாக அந்தக் கைக்குப் பக்கத்தில் மனமுவந்து வந்த முதல் ஜீவன் அவள்தான்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"சார், இந்த மாதிரி ஒண்ணுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்." கட்டுக்குள் இருந்த கையில் ஒரு குச்சி, வெளியில் இருந்த வலது கையில் ஒரு குச்சி என்று எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளில் தடவப்போவதாகச் சொன்னாள். ஒரு தட்டு சாதாரணக் காற்றில் இருக்கும். இன்னொன்று இறுக்க மூடிய ஜாடிக்குள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிக்கொள்ள ஒரு சின்னப் பொட்டலமும் கூடவே வைப்பார்களாம்.

"இதுக்கு எதுக்கு ஜாடி?" என்றார் அக்கா. "நானே சொல்றேன் கேளு. மூடிக் கிடந்த கை. உள்ள இருக்கிறது எல்லாம் காத்து பார்க்காத கிருமி. காத்துல வச்ச தட்டுல ஒண்ணும் முளைக்காது. ஜாடித் தட்டு பொங்கி வழியும்."

"அப்படி இருக்காதுன்னு நினைக்கிறேன், அக்கா."

"பந்தயம் கட்டுவோமா?"

"கட்டுவோம். நான் தோத்தா ஒரு மாசம் இந்த ரூமுக்கு டீ என் பொறுப்பு. நீங்க தோத்தா..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "எலும்பு முறியாத, நல்லா இருக்கிற கையில ரெண்டு வாரம் கட்டுப் போட்டுக்க ஒரு ஆள் வேணும். கேட்டவங்க எல்லாம் ஓடிப்போயிட்டாங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "போட்டுக்கிட்டா போச்சு," என்றார். சோப்புக்காரர் தன் கையைத் தேய்த்துக்கொண்டே, "அவசரப்படாதம்மா," என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மதியம் அக்கா மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனார். காற்றில் இருந்த தட்டைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஜாடித் தட்டிலும் புள்ளிகள் இருந்தன, ஆனால் அளவில் சின்னவை.

"இதுங்க ரெண்டுங்கெட்டான், அக்கா," என்றாள் ஆராய்ச்சிப் பொண்ணு. "ஆக்சிஜன் கிடைச்சா அதை வச்சு வேகமா வளரும். கிடைக்கலைன்னா வேற வழியில பொழைச்சுக்கும், கொஞ்சம் மெதுவா. அப்படிப் பொழைக்கும்போது அமிலம் மாதிரி சிலதை வெளியில விடும்."

"அப்ப காத்து ஆகாத கிருமின்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. அதுக்குப் பொறுமை வேணும். ஒரு வாரம் கழிச்சு வாங்க."

ஒரு வாரம் கழித்துப் போனார். ஜாடித் தட்டில், பெரிய புள்ளிகளுக்கு நடுவே, ஊசி முனை அளவில் புதிதாகச் சில புள்ளிகள். காற்றுத் தட்டில் அவை ஒன்றுகூட இல்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா! நான் சொன்னேன்ல!"

"அக்கா, கொஞ்சம் இருங்க. இது எந்தக் கைன்னு பாருங்க."

தட்டின் அடியில் எழுதியிருந்தது. வலது கை. கட்டே போடாத, இரண்டு மாதமாகக் காற்றோட்டமாகத் திரிந்த கை.

"இதுல எப்படி வந்துச்சு?"

"எப்பவும் இருக்கிறதுதான். முடி முளைக்கிற குழி இருக்குல்ல, அதுக்குள்ள ஆழத்துல ஆக்சிஜன் கம்மி. அங்க எண்ணெய்ப் பசையைச் சாப்பிட்டுக்கிட்டு நிம்மதியா குடியிருக்கும். காத்து பட்டதும் பொட்டுன்னு செத்துடாது, ஆனா காத்துல வளராது. கையில கொஞ்சம்தான். முகத்துலதான் கூட்டம் அதிகம். உங்க மூக்குல இப்ப நிறைய இருக்கும்."

அக்கா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று, காற்று பட்டால் எல்லாம் செத்துவிடும் என்று! படி இறங்கும்போது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் வாக்கு வாக்குதான்.

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழுவிடம் முறையாக அனுமதி வாங்கினார்கள். அக்காவின் உதவியாளர்தான் கட்டுப் போட்டார். அக்கா சும்மா இருப்பாரா? "மடிப்பு விழுது பாரு. இன்னும் பிழி. தடவு, தடவு, கொஞ்சாதே." கட்டு இறுக ஆரம்பித்தது. அக்காவின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது.

"என்னக்கா?" என்றார் உதவியாளர்.

"ஏய், சுடுதுடா!"

அறையே சிரித்தது. அக்காவின் வாழ்க்கையில் தன் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஒற்றைக் கையால் மாவுத்துணியைப் பிழிந்து சுற்ற முடியாதே. அதனால் அவரைச் சீட்டுக் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், "ஐயோ பாவம், உங்களுக்கேவா? என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். ஆராய்ச்சி, ஆக்சிஜன் என்று முதல் நாள் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் நாள் அலுத்துவிட்டது. ஒருவரிடம் குதிரையிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். இன்னொருவரிடம் குத்துச்சண்டை. ஒரு கிழவரிடம், "மாமரத்துல ஏறினேன்," என்றார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா மாங்காய்?" என்று அவர் சந்தேகமாகப் பார்த்தபோது அக்காவுக்கே வெட்கமாகப் போனது.

பகல் இப்படிப் போய்விடும். மாலையில்தான் அரிப்பு தொடங்கும். கட்டுக்குள் எங்கோ, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், விரல் எட்டாத இடம். முதலில் பொறுத்துக்கொண்டார். கட்டை மேசையில் தட்டிப் பார்த்தார். பாட்டுப் போட்டுப் பார்த்தார். கட்டுக்குள் பென்சில், கரண்டி, சீப்பு என்று விட்டுச் சொறிந்துகொண்டு வருபவர்களை, "புண்ணாக்கிக்கிட்டு வந்தீங்கன்னா இந்தக் கதவைத் தாண்ட விட மாட்டேன்," என்று அதட்டியே பழகியவர் அவர். அந்த வாரக் கடைசியில் சோப்புக்காரர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். அக்கா அங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஸ்வெட்டர் பின்னுகிற நீள ஊசியைக் கட்டுக்குள் விடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்புக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"என்ன பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த ஊசிக்காக என்னை நீ என்ன திட்டு திட்டினேன்னு யோசிச்சேன்."

அக்கா ஊசியைக் கீழே போட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தாங்க முடியலைங்க. இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்."

அவர் ஊசியை எடுத்து மேலே பரணில் போட்டார். அறைக்குப் போய்த் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்தார். சூட்டை நிறுத்திவிட்டு, குளிர்ந்த காற்று மட்டும் வரும்படி வைத்து, கட்டின் வாயருகே பிடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா," என்றார். அந்தச் சுகத்தைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் அவருக்குக் குரல் மாறும்.

அதிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் அதுவே வேலையாயிற்று. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்றைக் காட்டுவார். அன்றைக்குக் கடையில் யாருக்கு என்ன சோப்புப் போட்டு எதை விற்றார் என்று கதை சொல்வார். வேலை வேலை என்று இருவரும் வெவ்வேறு நேரத்தில் சாப்பிட்டு வெவ்வேறு நேரத்தில் படுத்துப் பழகிய வீடு அது. இவ்வளவு பேச்சு அந்த வீட்டில் எங்கே இருந்தது என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்ததாம்.

கட்டைப் பிரித்த அன்று ஆராய்ச்சிப் பொண்ணு குச்சிகளோடு தயாராக நின்றாள். உதவியாளர் அறுத்தார். கை வெளியே வந்தது. அவள் மோந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"வாசனை ரொம்பக் கம்மியா இருக்கே, அக்கா. பஞ்சுகூட ஈரமில்லாம இருக்கு."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. காற்று படாத தோல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே இந்தக் கட்டு? தினமும் காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருந்திருக்கிறோமே! சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சோப்புக்காரர் வேறு பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். ஆனால் அந்தப் பெண் குச்சியை எவ்வளவு பத்திரமாகக் குழாய்க்குள் வைக்கிறாள் என்று பார்த்ததும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தாம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று எல்லாவற்றையும் சொன்னார்.

ஆராய்ச்சிப் பொண்ணு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுதாக மென்று விழுங்கினாள். அப்புறம்தான் பேச்சு வந்தது. "ரெண்டு வாரம் போச்சே, அக்கா!"

"போனா போகட்டும். இன்னொரு கை இருக்குல்ல? மறுபடி போடு. இந்தத் தடவை அரிச்சா அரிக்கட்டும்."

"நிஜமாவா?"

"அந்தக் கருவியை உங்க ஆபீஸ்லயே பூட்டி வச்சுக்கோ."

சோப்புக்காரர் அதை நிஜமாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் இடைவெளி விட்டு, இன்னொரு கையில் கட்டு. இந்தத் தடவை வலது கை. சாப்பிடுவதற்கும் தலை வாருவதற்கும் சோப்புக்காரரே கதி. அவர் பின்னிவிட்ட சடையோடு அக்கா வேலைக்கு வந்த நாட்களை அந்த ஆஸ்பத்திரி இன்னும் மறக்கவில்லை. அரிப்பு வந்தால் இருவரும் எழுந்து தெருவில் நடக்கப் போவார்கள். நடந்தால் அரிப்பு போகாது, ஆனால் மறக்கும்.

இரண்டாவது கட்டைப் பிரித்தபோது கிளம்பிய நாற்றத்தில் உதவியாளர் ஜன்னலைத் திறக்க ஓடினார். ஆராய்ச்சிப் பொண்ணு கைதட்டினாள். சோப்புக்காரர் குனிந்து, தன் மனைவியின் கையை மூக்கருகே கொண்டுபோய், நிதானமாக மோந்து பார்த்தார்.

"என்னுது அளவுக்கு இல்ல," என்றார் பெருமையாக.

தட்டுகள் தயாரானதும் அவள் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டாள். காற்று ஊதிய கையின் தட்டில் புள்ளிகள் எண்ணி விடலாம் போல இருந்தன. ஊதாத கையின் தட்டில் இடமே இல்லை. கட்டைப் பிரித்துச் சில நாள் கழித்து அதே கையில் எடுத்த தட்டு மறுபடி கட்டுப் போடுவதற்கு முந்தைய நிலைக்கே வந்திருந்தது.

"பார்த்தியா, காத்துதான் காரணம்," என்றார் அக்கா. ஆனால் முன்னளவு சத்தமாகச் சொல்லவில்லை.

"அதுதான் இப்ப என் தலைவலி, அக்கா. நீங்க காத்தை ஊதினீங்க. ஆக்சிஜன் உள்ள போச்சு, சரி. ஆனா ஈரமும் காய்ஞ்சு போச்சு. ஈரம் இல்லைன்னாலும் இதுங்க பெருகாது. இந்த வித்தியாசம் ஆக்சிஜனாலயா, காய்ஞ்சதாலயா? அதுவும் ஒருத்தர் கையை வச்சு ஊருக்கெல்லாம் சொல்ல முடியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் யோசிச்சே பார்க்காத கேள்வி. உங்க தப்புல கிடைச்சது."

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் இன்னும் ஆட்களைத் தேடிப் பிடித்தாள். ஆள் பிடித்துக் கொடுத்ததில் பாதி வேலை சோப்புக்காரருடையது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் பேசியே சம்மதிக்க வைத்துவிட்டார். "உங்க தோல் இருக்கே, அது ஆராய்ச்சிக்குன்னே அமைஞ்ச தோல்," என்று யாரிடம் சொன்னாலும் அவர்கள் ஒரு நிமிஷம் நின்று தங்கள் கையைப் பார்க்கத்தான் செய்தார்கள்.

நீலக் கதவுக்குள்ளும் சில மாற்றங்கள் வந்தன. கட்டுக்குள் பென்சில் விட்டுக்கொண்டு வருபவர்களை அக்கா இப்போது அதட்டுவதில்லை. "தெரியும், உயிர் போகும். எனக்குத் தெரியும்," என்று தோளில் தட்டிவிட்டு, குளிர்ந்த காற்றை எப்படிக் காட்டுவது என்று சொல்லிக் கொடுக்கிறார். பிரிக்கும்போது சொல்கிற வசனமும் நீண்டுவிட்டது: "காத்து படட்டும். சிலது சாகும், சிலது சாகாது, சிலது உங்களுக்கு முன்னாடியே அங்க குடியிருக்கு. கழுவித் துடைச்சுக் காய விடுங்க, அதது அதோட இடத்துக்குப் போயிடும்." டாக்டர் இதை ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கொஞ்சம் சுருக்கமா சொல்லலாமே," என்றார். முடியாது என்றுவிட்டார் அக்கா.

ஆராய்ச்சிப் பொண்ணு பட்டம் வாங்கி, வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். போன மாதம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, புது ஆராய்ச்சி ஆரம்பிக்கிறேன். ஆள் வேணும்."

"இந்தத் தடவை எங்க கட்டு?"

"கட்டெல்லாம் இல்ல. அக்குள். மூணு நாள் சோப்பே போடக் கூடாது, சென்ட்டும் கூடாது."

அக்கா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முறுக்கு ஒன்று தரையில் உருண்டது. "அண்ணன் பக்கத்துலதான் இருக்கார். நீயே கேளு," என்று போனைக் கணவர் பக்கம் தள்ளினார்.

சோப்புக்காரர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மூணு நாள் போதுமாம்மா?" என்றார். "நாலு நாள்னா இன்னும் நல்லா வருமே."